ஃபைட்டான்சைடு: ‘தாவரக்கொல்லி’ அல்ல, தாவரக் காப்பாவி

காட்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் பச்சை மணத்துக்கு அறிவியல் இட்ட பெயர்களில் ஒன்று ஃபைட்டான்சைடு. 1928 வாக்கில் சோவியத் உயிரியலாளர் போரிஸ் டோக்கின் இச்சொல்லை உருவாக்கினார். ‘ஃபைட்டான்’ என்றால் கிரேக்கத்தில் செடி. ‘சைடு’ என்பது கொல்லுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது.

இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் ‘தாவரக்கொல்லி’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்லும், களைக்கொல்லி களையைக் கொல்லும். தமிழில் ‘கொல்லி’க்கு முன்னால் நிற்பது சாகும் பொருள். ஃபைட்டான்சைடிலோ முன்னால் நிற்கும் செடிதான் கொல்கிறது. சாவது பாக்டீரியா, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள். எனவே ‘தாவரக் காப்பாவி’ என்பதே பொருத்தம்: காப்புக்காகத் தாவரம் விடும் ஆவி. ‘தாவரம்’ என்ற சொல்லே ‘ஸ்தாவரம்’, அதாவது நிலைத்து நிற்பது, என்பதிலிருந்து வந்தது. தனித்தமிழில் நிலைத்திணை. ஓடித் தப்ப முடியாத உயிருக்கு வேதிப்பொருளே கேடயம். டோக்கின் ஆவியாகாத சாறுகளையும் இப்பெயரில் அடக்கினார். அவற்றைக் ‘காப்புச்சாறு’ என்று பிரித்துச் சொல்லலாம்.

இதன் வேலையைப் பூண்டில் பார்க்கலாம். முழுப் பல்லில் மணமே இல்லை. நசுக்கியதும் திசுவில் தனித்தனி அறைகளில் இருந்த அல்லீனும் அல்லினேஸ் என்ற நொதியும் கலந்து, சில நொடிகளில் அல்லிசின் என்ற காப்புப்பொருள் உண்டாகிறது. நெடி அதனால்தான். நசுக்கிய கையோடு கொதிக்கும் எண்ணெயில் போட்டால் நொதி சிதைந்து, அல்லிசின் சரியாக உருவாகாது. பத்து நிமிடம் விட்டுவைத்த பிறகே சூடாக்க வேண்டும்.

மரங்களில் முக்கியமானவை டெர்பீன்கள் என்ற மணப்பொருள்கள்: ஆல்ஃபா பைனீன், பீட்டா பைனீன், லிமோனீன், காம்ஃபீன். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் இவற்றைப் பிசின் குழாய்களில் சேமித்து வைப்பதால் இரவிலும் கசியவிடும். வெயில் ஏற ஏறக் கசிவு கூடும். காற்று பலமாக வீசினால் மணம் கலைந்துவிடும். எனவே வெதுவெதுப்பான, காற்று அடங்கிய வேளையே நடக்க ஏற்றது.

1982இல் ஜப்பான் வனத்துறை ‘ஷின்ரின்-யோக்கு’, அதாவது வனக்குளியல், என்ற சொல்லை அறிமுகப்படுத்தியது. பின்னர் மருத்துவ ஆய்வாளர் சிங் லீயின் குழு, மூன்று பகல் இரண்டு இரவு காட்டில் தங்கியவர்களின் இரத்தத்தில் என்.கே. (நேச்சுரல் கில்லர்) என்ற வெள்ளை அணுக்களின் செயல்பாடு கூடியதையும், ஒரு வாரத்துக்குப் பிறகும் அது நீடித்ததையும் கண்டது. நச்சுயிரி தொற்றிய அணுக்களையும் புற்றணுக்களையும் தாக்குபவை இவை. காட்டில் நடையும் அமைதியும் சேர்ந்தே இருக்கின்றனவே என்ற கேள்வி எழும். அதற்காக 12 ஆண்களை விடுதி அறையில் மூன்று இரவு தங்கவைத்து, ஹினோகி என்ற ஜப்பானிய ஊசியிலை மரத்தின் எண்ணெயை ஆவியாக்கிப் பார்த்தார்கள். அங்கும் செயல்பாடு கூடியது; சிறுநீரில் அட்ரினலின் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. ஆனால் 12 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. அணுக்களின் துடிப்பு கூடுவது வேறு, நோய் தடுக்கப்படுவது வேறு. ‘புற்றுநோய் வராது’ என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

காட்டுக் காற்றில் டெர்பீன்கள் நூறு கோடியில் சில பங்கு அளவே இருக்கும். புட்டியில் வரும் எண்ணெய் அதைவிடப் பன்மடங்கு செறிவானது. ஆவிக்கருவியில் 100 மி.லி. நீருக்கு 3 துளி, அரை மணி நேரம் போதும். அறையை அடைத்துவைத்தால் டெர்பீன்கள் ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையும் நுண்துகளையும் உண்டாக்கும். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையோ பூனையோ உள்ள வீட்டாரும் இதைத் தவிர்ப்பது நல்லது. குடிக்கவே கூடாது, யூகலிப்டஸ் எண்ணெய் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். திறந்து நாள்பட்ட லிமோனீன் எண்ணெய் காற்றுப் பட்டு மாறி, தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும். மூடியை இறுக்கி இருட்டில் வையுங்கள். மணம் மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.