ஐகான்: சின்னம் அல்ல, படவுரு

'கீழே உள்ள சின்னத்தை அழுத்தவும்.' தமிழ்ச் செயலிகளில் இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் வாக்குச்சாவடிக்குள் நுழைந்துவிட்டோமோ என்ற ஐயம் வருகிறது. சென்னைச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சின்னம் என்றால் உதயசூரியன், இரட்டை இலை. செயலியில் அழுத்த வேண்டியது அதுவல்ல.

கிரேக்க மொழியில் 'எய்க்கோன்' என்றால் சாயல், உருவம். கிறித்தவ வழிபாட்டுப் படங்களுக்கு வழங்கிவந்த இச்சொல்லைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தவர் கணினி அறிஞர் டேவிட் கான்ஃபீல்ட் ஸ்மித். 1975இல், தம் ஸ்டான்ஃபர்ட் ஆய்வேட்டில். 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினியோடு ஐகான் கடைக்கும் வந்துவிட்டது.

சின்னம் ஏன் கூடாது? மைக்ரோசாஃப்ட் வேர்டின் 'செருகு' பட்டையில் ஐகானுக்கு ஒரு பொத்தான், சிம்பலுக்கு இன்னொரு பொத்தான். இரண்டையும் சின்னம் என்று எழுதினால் பயனர் எதை அழுத்துவார்? சிம்பல் என்பது ஊர் ஒப்புக்கொண்டதால் பொருள் பெறுவது. தடித்த எழுத்துக்கான பொத்தானில் நிற்கும் 'பி' அப்படிப்பட்டது. ஆங்கிலம் தெரியாதவருக்கு அது ஒன்றும் சொல்லாது. குப்பைத்தொட்டியோ பார்த்த மாத்திரத்தில் தன்னைச் சொல்லிவிடும். ப்ளூடூத் குறியும் ஐகான்தானே என்பார்கள். அது பழைய வட ஐரோப்பிய எழுத்துமுறையான ரூனிக்கின் இரண்டு எழுத்துகளின் பிணைப்பு, குறியீடுதான். ஆனால் திரையில் படமாக வரைந்து வைத்திருப்பதால் அதுவும் படவுருவில் அடங்கும். பொருள் எப்படி வருகிறது என்பதில் படவுரு தலையிடுவதில்லை; படமாக நிற்கும் உரு, அவ்வளவே. எழுத்துரு என்று முன்பே பழகிவிட்ட நமக்கு இது அந்நியமும் இல்லை.

சிலர் 'உருவகம்' என்கிறார்கள். திரையை மேசையாகவும் கோப்பைக் காகிதமாகவும் காட்டுகிறார்களே, அந்த உத்திக்கு அச்சொல் வேண்டும், அதைப் பறிக்காதீர்கள். 'குறும்படம்' என்பவர்களுக்குப் பதில் சொல்வதே வீண், அது திரைப்பட விழாவுக்குப் போகிறது.

படவுருவில் உள்ள 'உரு' என்ற பகுதி, வரைகிற வேலைக்கும் உதவும். 1984 மெக்கின்டாஷ் கணினிக்காக வடிவமைப்பாளர் சூசன் கேர் வரைந்தவை 32க்கு 32 பிக்சல் கட்டத்தில், கருப்பு வெள்ளையில் அடங்கின. வண்ணம் இல்லை, புறக்கோடுதான் பேச வேண்டும். கூகுளின் இன்றைய 'மெட்டீரியல்' வடிவமைப்புப் படவுருக்களுக்கு 24 அலகுக் கட்டம். சுற்றிலும் 2 அலகு வெற்றிடம், கோட்டின் தடிமன் 2. அதையே 16 பிக்சலுக்குச் சுருக்கினால் கோடு ஒன்றேகால் பிக்சலைத் தாண்டிப் பின்னமாகும், ஓரம் சாம்பலாய்க் கலங்கும், பற்சக்கரத்தின் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சின்ன அளவுக்குப் பற்களைக் குறைத்துத் தனியாக வரைவதே வழி. முழுக்கக் கருப்பாக நிரப்பியும் அடையாளம் தெரிந்தால் அந்த உரு தேறிவிட்டது.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் மென்பொருள் அலுவலகங்களிலிருந்து சொற்கள் எக்செல் தாளில், திரையின் படம்கூட இல்லாமல் வருகின்றன. அகராதியில் முதலில் கண்ட சொல் போய் உட்கார்ந்துவிடுகிறது. திரைப்படியை, அதாவது ஸ்கிரீன்ஷாட்டை, கேட்டு வாங்குங்கள். ஐகானுக்குப் படவுரு, சிம்பலுக்குக் குறியீடு, லோகோவுக்கு இலச்சினை, தம்ப்நெயிலுக்குச் சிறுபடம் என்று தாளின் தலைப்பிலேயே எழுதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.