உள்நாட்டு நீர்வழியா, உள்நில நீர்வழியா?

“உள்நாட்டு நீர்வழிகளில் ஆபத்தான பொருட்களைச் சர்வதேச ரீதியில் கொண்டுசெல்வதற்கான ஐரோப்பிய உடன்படிக்கை.” இந்தப் பெயரை ஒரு தடவை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். உள்நாட்டுக்குள் நடப்பது எப்படிச் சர்வதேசமாகும்? கொழும்பில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றுக்காகத் தாள்களைத் தமிழாக்கியபோது நான் இந்த இடத்திலேதான் நின்றுவிட்டேன்.

சரி, முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். இந்த உடன்படிக்கையை ‘ஏடிஎன்’ என்பார்கள். உடன்படிக்கை, ஆபத்தான, கப்பலோட்டம் ஆகியவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. 2000 மே 26 அன்று ஜெனீவாவில் செய்யப்பட்டு, 2008 பெப்ரவரி 29 அன்று நடைமுறைக்கு வந்தது. வீதிக்கு ஏடிஆர், ரயிலுக்கு ஆர்ஐடி, கடலுக்கு ஐஎம்டிஜி என்று இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. கொழும்புத் துறைமுகத்தில் பழக்கமானது கடைசியாகச் சொன்னதுதான். 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது நைத்திரிக் அமிலக் கொள்கலன்களைப் பற்றி நாமெல்லோரும் பேசினோமே, அவை கடல் விதிக்குள் வருபவை.

ஏடிஎன் ஆள்வது ரைன், டான்யூப் போன்ற ஆறுகளையும் அவற்றோடு சேரும் கால்வாய்களையும். டான்யூப் பத்து நாடுகளைத் தொட்டு ஓடுகிறது. 2011 ஜனவரியில் ரைன் நதியில் லோரலை பாறைக்குப் பக்கத்தில் வால்ட்ஹோஃப் என்ற தாங்கிப் படகு கவிழ்ந்தது. ஏறக்குறைய 2,400 தொன் கந்தக அமிலத்தை ஜெர்மனியில் ஏற்றிக்கொண்டு பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப்புக்குப் போய்க்கொண்டிருந்த படகு அது. கடலையே காணாமல் எல்லை தாண்டும் இப்படிப்பட்ட பயணத்தை ‘உள்நாட்டு’ என்று எழுதினால், வாசிப்பவர் ஒரு நாட்டுக்குள் முடிகிற காரியம் என்றுதானே நினைப்பார்?

குழப்பத்தின் வேர் ஆங்கிலத்தின் ‘இன்லாண்ட்’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘லாண்ட்’ என்பதற்கு நிலம் என்றும் பொருள், நாடு என்றும் பொருள். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து என்னும் பெயர்களில் நிற்பது இரண்டாவது பொருள். ‘இன்லாண்ட் ரெவெனியூ’ என்பதை நாம் உள்நாட்டு இறைவரி என்கிறோம். அது சரியான தமிழ். நாட்டுக்குள் அறவிடும் வரியைத்தான் அது குறிக்கிறது. நீர்வழி விஷயத்திலோ ‘இன்லாண்ட்’ என்பது கடலுக்கு எதிர்ப்பதம், நிலத்தின் உள்ளே என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர் ‘உள்’ என்று மட்டும் சொல்கிறார்கள். ஜெர்மன் மொழியில் ‘பின்னன்’, அதுவும் ‘உள்ளே’தான். இரண்டிலும் நாடு என்ற பேச்சே இல்லை. இறைவரிக்குப் பொருந்திய தமிழ்ச்சொல்லை ஆற்றுக்கும் தூக்கிவைத்ததால் வந்த வினை இது.

நமக்கு இது உறைக்காமல் போனதற்கும் காரணம் உண்டு. இலங்கை ஒரு தீவு. எந்த ஆறும் எல்லை கடப்பதில்லை. வத்தளைப் பக்கம் ஓடும் ஹமில்டன் கால்வாய் உள்நிலத்திலும் இருக்கிறது, உள்நாட்டிலும் இருக்கிறது. இரண்டு சொல்லும் ஒரே இடத்தில் விழுந்தால் வித்தியாசம் எப்படித் தெரியும்?

என் தேர்வு ‘உள்நில நீர்வழி’. சிலர் ‘நீர்வழிப் பாதை’ என்று நீட்டுகிறார்கள். வழியும் பாதையும் ஒன்றுதான்; அதோடு மட்டக்களப்புப் பக்கம் ‘பாதை’ என்றால் வாவியைக் கடக்கும் தட்டைப் படகு. அங்குள்ளவர் படகு என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

அடுத்தது ‘டேஞ்சரஸ் குட்ஸ்’. துறைமுகப் பேச்சில் ‘டிஜி’. ‘ஆபத்தான பொருட்கள்’ என்பது பிழையில்லை, ஆனால் தளர்வானது. குசினியில் இருக்கும் மண்ணெண்ணெயும் ஆபத்தான பொருள்தான். விதி பேசுவது ஏற்றிச்செல்லும்போது மட்டும். அப்போது அதற்குப் பெயர் சரக்கு. சித்த மருத்துவத்தில் நஞ்சையே ‘பாடாணச் சரக்கு’ என்று வகைப்படுத்திய மொழி நம்முடையது. ஆகவே இந்தச் சொல்லுக்கு ஆபத்து புதிதல்ல. முன்னொட்டாக ‘இடர்’ போடலாம், நல்ல தமிழ். ஆனால் இங்கே வங்கிக்காரர் ‘இடர்நேர்வு’ என்பதை நட்ட வாய்ப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். ‘அபாயம்’ வடமொழியிலிருந்து வந்தது, உபாயத்துக்கு எதிர்ச்சொல். இருந்தாலும் எழுதிய பலகையைக் கண்டதும் சின்னப்பிள்ளையும் விலகி நிற்கும் சொல் அது. எனவே அபாயச் சரக்கு.

சொல்லில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த உடன்படிக்கையே பதில் வைத்திருக்கிறது. ரைனில் தீப்பற்றும் சரக்கேற்றிய படகு ஒரு நீலக் கூம்பைத் தொங்கவிடும். உடல்நலத்துக்குக் கேடான சரக்குக்கு இரண்டு, வெடிபொருளுக்கு மூன்று. இரவில் நீல விளக்குகள். கூம்பை எல்லா மொழிக்காரரும் எண்ணிக்கொள்வார்கள். ஆனால் விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்ற எழுத்துமூல அறிவுறுத்தல், படகுத் தலைவருக்கும் படகில் உள்ள நிபுணருக்கும் வாசித்து விளங்கும் மொழியில், சரக்கேற்றும் முன்பே கையில் இருக்க வேண்டும் என்பது விதி.

அந்தத் தாளில் தலைப்பை இப்படி மாற்றிக் கொடுத்தேன்: உள்நில நீர்வழிகளில் அபாயச் சரக்குகளை நாடுகளுக்கிடையே ஏற்றிச்செல்வது பற்றிய ஐரோப்பிய உடன்படிக்கை.