பழைய பேரல் வாங்கும் முன் லேபிளைப் பாருங்கள்

வெயில் ஏறத் தொடங்கினால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நீல பிளாஸ்டிக் பேரலுக்குக் கிராக்கி வந்துவிடும். ஊருணி வற்றி, குழாய்த் தண்ணீரும் விட்டு விட்டு வரும்போது, பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்கிப் போடுகிறோம். அதில் முன்பு என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ரசாயன ஆலைப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

பள்ளத்தூர் பக்கம் ஒரு கட்டட வேலையில், ஆட்கள் கை கால் கழுவும் பேரலில் பாதி கிழிந்த லேபிளைப் பார்த்தேன். சாய்சதுரத்துக்குள் மண்டை ஓடு, கீழ் மூலையில் 6, பக்கத்தில் யூஎன் 2941. அபாயகரப் பொருள்களுக்கு ஐ.நா. முறையில் தரும் எண்களில், ஃப்ளூரோஅனிலின் என்ற நச்சு ரசாயனத்துக்கு உரிய எண் அது. "சோப்பு போட்டு நாலு தடவை கழுவியாச்சுண்ணே" என்றார் கொத்தனார்.

சோப்பு மேற்பரப்பைத்தான் கழுவும். இந்த மாதிரி திரவம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே கொஞ்சம் ஊறிவிடும். அப்புறம் தண்ணீரில் மெதுவாகக் கசியும்.

ஃப்ளூரோஅனிலினில் ஒரு வகையான பாரா-ஃப்ளூரோஅனிலின், வேறு பொருள்களைத் தயாரிக்க உதவும் ஓர் இடைநிலைப் பொருள். கொழுப்பைக் குறைக்கும் எசெட்டிமைப் மாத்திரைக்கும், ஃப்ளூஃபெனாசெட் களைக்கொல்லிக்கும் இது மூலப்பொருள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். பல வினைகளைத் தாண்டி அது முற்றிலும் வேறு பொருளாகிவிடுகிறது. பல்லைக் கறையாக்கும் ஃப்ளூரைடு தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆபத்து வருவது அனிலின் பகுதியால். குடிக்கவே வேண்டாம், தோல் வழியாகவே உள்ளே போய்விடும். ரத்தத்தில் ஹீமோகுளோபினின் இரும்பை மாற்றி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, மூச்சு வாங்கல் வரும். சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியலாம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. வெயில் மயக்கம் என்று மோர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள்.

மேலே பட்டால் உடுப்பையும் தோல் செருப்பையும் உடனே கழற்றிவிட்டு, சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். ரத்த ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் கருவி 85 சதவீதம் அருகிலேயே நின்று, ஆக்சிஜன் வைத்தும் ஏறாவிட்டால் மெத்தெமோகுளோபின் (அப்படி மாறிப்போன ஹீமோகுளோபின்) என்று மருத்துவர் சந்தேகிப்பார். மெத்திலீன் நீலம் என்ற ஊசி மருந்து இதற்கு உண்டு. ஜி6பிடி என்ற நொதியின் பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதால், வீட்டில் யாருக்காவது அது இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

லேபிள் புரியவில்லையா? சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும் ஊர் நம்ம காரைக்குடி, வேதியியல் படித்தவர் யாராவது தெரிந்தவராக இருப்பார், அவரிடம் காட்டுங்கள். லேபிளைச் சுரண்டி எடுத்த பேரல் என்றால் வாங்கவே வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, அதை மறுபடி இரும்புக் கடைக்குத் தள்ளாதீர்கள். ரசாயனம் பட்ட காலி பேரல் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயகரக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சொன்னால் அனுமதி பெற்றவர்களிடம் சேர்க்க வழி காட்டுவார்கள். கொளுத்த மட்டும் வேண்டாம்: ஒட்டியிருக்கும் ஃப்ளூரின் சேர்மம் எரியும்போது ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வாயு வரும், அது நுரையீரலையே அரிக்கும்.