ஐ.இ.எல்.டி.எஸ்ஸா, ஓ.இ.டி.யா? பிரிட்டன் செல்லும் செவிலியர் பணம் கட்டுவதற்கு முன்

எனக்குத் தெரிந்த செவிலியர் ஒருவர் பிரிட்டன் போவதற்காக 2023-இல் ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வை எழுதினார். கேட்டல் 8.5, வாசிப்பு 7.5, பேச்சு 7, எழுத்து 6. ஒட்டுமொத்த மதிப்பெண் 7.5. வீட்டில் பாயசம் வைத்தார்கள். மறுநாள் பயிற்சி மையத்தில், "எழுத்தில் 6.5 வேண்டும், இது செல்லாது, மறுபடி வகுப்பில் சேருங்கள்" என்றார்கள். நகையை அடகு வைத்துச் சேர்ந்தார். இரவுப் பணி, மாமியாரின் அறுவைச் சிகிச்சை என்று தள்ளிப்போய், பதினான்காவது மாதத்தில் இரண்டாம் முறை எழுதினார். எழுத்தில் 6.5 வந்துவிட்டது. வாசிப்பு 6.5-க்கு இறங்கிவிட்டது. இதுவும் தோல்விதான் என்றார்கள்.

இதே மதிப்பெண்களைப் பன்னிரண்டு மாதத்துக்குள் வாங்கியிருந்தால் அவர் தேறியிருப்பார். அப்படியொரு விதி இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. வகுப்புக் கட்டணம் வாங்கியவர்களும் சொல்லவில்லை, விசா வாங்கித் தருவதாக முன்பணம் வாங்கியவரும் சொல்லவில்லை.

பிரிட்டனில் செவிலியரைப் பதிவு செய்யும் அமைப்பு நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், சுருக்கமாக என்.எம்.சி. நம் நாட்டில் டாக்டர்களுக்கான தேசிய மருத்துவ ஆணையத்துக்கும் இதே மூன்றெழுத்துதான். இணையத்தில் தேடும்போது குழம்பிவிடாதீர்கள். ஆங்கிலத் தகுதிக்கு நம் ஊரிலிருந்து போகிறவர்கள் எழுதுவது ஐ.இ.எல்.டி.எஸ்., மருத்துவத் துறையினருக்கென்றே நடக்கும் ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. ஆகிய இரண்டைத்தான். முதலாவதில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் தலா 7, எழுத்தில் 6.5 வேண்டும். இரண்டாவதில் அந்த மூன்றிலும் 'பி', எழுத்தில் 'சி பிளஸ்', அதாவது 500-க்கு முறையே 350, 300. ஒட்டுமொத்த மதிப்பெண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நான்கு பிரிவும் தனித்தனியாகத் தேற வேண்டும்.

இனி அந்தப் பன்னிரண்டு மாத விதி. 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டு முறை ஒரே தேர்வை எழுதி, இரண்டிலும் சேர்த்து ஒவ்வொரு பிரிவிலும் ஒரு முறையாவது தேறியிருந்தால் போதும். ஒரு நிபந்தனை உண்டு. எந்த முறையிலும் எந்தப் பிரிவும் தேவையான அளவுக்கு அரைப் படிக்கு மேல் குறையக் கூடாது. ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் வாசிப்பு, கேட்டல், பேச்சில் 6.5-க்கும், எழுத்தில் 6-க்கும் கீழே போகக் கூடாது. ஓ.இ.டி. என்றால் அந்த மூன்றில் 'சி பிளஸ்', எழுத்தில் 'சி'. நான் சொன்ன செவிலியரின் எண்களை இதில் பொருத்திப் பாருங்கள். இரண்டு மாதத் தாமதம் அவருடைய இரண்டு தேர்வுகளையும் விழுங்கியது தெரியும்.

ஆகவே முதல் தேர்வு நூலிழையில் போனால், முடிவு வந்த அன்றே காலண்டரில் பன்னிரண்டாவது மாதத்தைக் குறித்துவிடுங்கள். எழுத்தில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்தால் மறுமதிப்பீடு கேட்கவும் வழி இருக்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ்ஸில் அதற்கு ஆறு வார அவகாசம். மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்பிவிடும். பயிற்சி மையத்துக்கு இதில் வருமானம் இல்லை. நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

இங்கே பலர் இன்னொரு தவறு செய்கிறார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். கைநழுவியதும், "ஓ.இ.டி. சுலபம்" என்ற பேச்சை நம்பி அதற்குத் தாவுகிறார்கள். ஒன்றின் மதிப்பெண்ணை மற்றொன்றோடு சேர்க்க முடியாது. தாவினால் கையில் இருந்த நல்ல மதிப்பெண்களும் போய், புதிதாகத் தொடங்க வேண்டும். கட்டணமும் ஐ.இ.எல்.டி.எஸ்ஸைவிட மிக அதிகம்.

ஓ.இ.டி. சுலபம் என்பது பாதி உண்மை. எழுத்துப் பகுதியில் நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, 45 நிமிடத்தில் 180 முதல் 200 சொல்லுக்குள் ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். பேச்சில் நீங்கள் செவிலியர், எதிரே இருப்பவர் நோயாளி. வார்டில் பல ஆண்டு இருந்தவருக்கு இது பழகிய களம். ஆனால் கேட்டலும் வாசிப்பும் பன்னிரண்டு மருத்துவத் தொழில்களுக்கும் பொதுவானவை; பல் மருத்துவரும் மருந்தாளுநரும் எழுதும் அதே தாள்தான். வாசிப்பின் முதல் பகுதிக்குப் பதினைந்தே நிமிடம். பலர் சறுக்குவது இங்கேதான். கடிதத்திலும் குறிப்பில் இருப்பதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்தால் மதிப்பெண் போய்விடும். யாருக்கு எழுதுகிறோமோ அவருக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எழுத வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், பள்ளியிலிருந்தே ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிப் பழகியவர் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதலாம். வரைபடத்தைப் பார்த்து 150 சொல்லும், சம்பந்தமே இல்லாத தலைப்பில் 250 சொல்லும் எழுத வராதவர், கூடுதல் கட்டணத்தைப் பொறுத்துக்கொண்டு ஓ.இ.டி. எழுதட்டும். எதை எடுத்தாலும் முழு மாதிரித் தேர்வு ஒன்றை வீட்டில் கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ்ஸில் 'அகாடமிக்', 'ஜெனரல் டிரெய்னிங்' என்று இரண்டு உண்டு. என்.எம்.சி.க்கு வேண்டியது அகாடமிக். கனடா விண்ணப்பங்களையே பார்த்துப் பழகிய முகவர்கள் ஜெனரலுக்குப் பதிவு செய்துவிடுகிறார்கள். தவறு அவர்களுடையது, கட்டணம் உங்களுடையது.

"கல்லூரியில் ஆங்கில வழியில் படித்ததாகக் கடிதம் வாங்கி வாருங்கள், தேர்வே வேண்டாம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில் இருந்தால் போதாது. பயிற்சிக் காலத்தில் நோயாளிகளோடும் குடும்பத்தாரோடும் பேசியதில் மிகப் பெரும் பகுதி ஆங்கிலத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது விதி. மதுரையிலோ திருநெல்வேலியிலோ எந்த வார்டில் நோயாளியிடம் ஆங்கிலத்தில் பேசினோம்? அந்தக் கடிதத்துக்காகக் கல்லூரிக்கு நான்கு நடை நடந்து, அலுவலக மேசையில் காத்திருந்து, கடைசியில் அது பயன்படாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேர்வு முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். பதிவுச் சான்று சரிபார்ப்புக்காக ஓர் அலுவலகத்தில் ஒருவர் பல மாதம் அலைந்ததைக் கண்கூடாகக் கண்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய காகிதம் கேட்டார்கள். முதல் நாளே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆகவே சான்றிதழ் வேலைகளைத் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய அலைச்சலைத் தருவது நம் இன்ஷியல். சான்றிதழில் 'மு. செல்வி' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். திருமணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட் என்றால் கணவர் பெயர் இருக்கும். தேர்வுக்கு பாஸ்போர்ட்தான் அடையாளச் சான்று. முடிவும் அதே பெயரில்தான் வரும். பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் நின்ற பிறகு ஓடுவதைவிட, தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே எல்லாக் காகிதங்களையும் ஒரே மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

"முதலில் பராமரிப்புப் பணியாளர் விசாவில் போய்விடுங்கள், அங்கே முதலாளி கையெழுத்துப் போட்டால் ஆங்கிலத் தேர்வு தேவையில்லை" என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. அரை மதிப்பெண் குறைந்தவருக்கு முதலாளியின் சான்று உதவும் வழி உண்மையில் இருக்கிறது. ஆனால் அது பிரிட்டனில் சுகாதார, பராமரிப்புத் துறையில் ஓராண்டாவது ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கு. பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டது. அதற்குப் பின்னும் இங்கிருந்து போக அந்த விசா வாங்கித் தருவதாக யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிரிட்டனின் ஆள்சேர்ப்பு நெறிமுறைப்படி வேலை வாங்கித் தருவதற்காகச் செவிலியரிடம் கட்டணமே வாங்கக் கூடாது. நம் நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் முகவரின் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. தனியாரிடம் போகுமுன் அங்கே விசாரியுங்கள். பணம் கொடுத்தால் தொகை, தேதி, எதற்காக என்ற மூன்றும் எழுதிய ரசீதைக் கையோடு வாங்குங்கள். அசல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் யாரிடமும் விட்டுவராதீர்கள். நகல் போதும் என்று சொல்லுங்கள்.