கம்பி கேட்கும் எஞ்சின்

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயிலுக்காக நிற்கும்போது நிமிர்ந்து பார்த்தால், பெட்டியின் கூரைமேல் மடிந்து விரிந்த பேன்டோகிராஃப் ஒரு செம்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கம்பியில் 25,000 வோல்ட், வினாடிக்கு 50 சுழற்சி, அதாவது 50 ஹெர்ட்ஸ். பாடாங் பெசாரில் ஏறினாலும் பட்டர்வொர்த்தில் ஏறினாலும் கிம்மாஸ் வரைக்கும் அதே 25,000, அதே 50. இது எவ்வளவு பெரிய வசதி என்பது, இது இல்லாத ஊரைப் பார்த்தால்தான் உறைக்கும்.

வாஷிங்டனிலிருந்து பாஸ்டன் போகும் அமெரிக்க ரயில் சுமார் 735 கிலோமீட்டருக்குள் மூன்று விதமான மின்சாரத்தைச் சந்திக்கிறது. நியூயார்க் வரை 12,000 வோல்ட், 25 ஹெர்ட்ஸ். நியூயார்க்கைத் தாண்டி நியூ ஹேவன் வரை 12,500 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கிருந்து பாஸ்டனுக்கு 25,000 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும்போதே எஞ்சின் இந்த மூன்றுக்கும் மாறிக்கொள்ள வேண்டும். இந்தப் பாதையில் பழைய மின்எஞ்சின்களுக்கு வயதானபோதெல்லாம் அமெரிக்கா ஏன் ஐரோப்பாவின் கதவைத் தட்டியது என்பதற்கு விடை அந்தக் கம்பியில்தான் இருக்கிறது.

25 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது? பென்சில்வேனியா ரயில்வே 1915-இல் பிலடெல்பியாவை ஒட்டிய பாதையை மின்மயமாக்கியபோது, மாறுமின்சாரத்தில் நேரடியாக ஓடிய மோட்டார்களுக்குப் பிரஷ், அதாவது சுழலும் பகுதியில் உரசி மின்சாரம் தரும் கார்பன் துண்டு, உண்டு. 60 ஹெர்ட்ஸ் கொடுத்தால் அந்தப் பிரஷ்ஷில் பொறி பறக்கும், 25 கொடுத்தால் சமாளிக்கலாம். அந்த மோட்டார்கள் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. 25 ஹெர்ட்ஸ் மட்டும் தங்கிவிட்டது. துணைமின் நிலையம், கம்பி, சிக்னல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால்தான் அதை ஒழிக்க முடியும். அதைவிட எஞ்சினை வளைப்பது மலிவு.

வளைப்பதில் முதல் சங்கடம் மின்மாற்றி. அதன் இரும்பு உள்ளகத்தில் ஏறி இறங்கும் காந்தப் பாயம்தான் ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்கு மின்சாரத்தைக் கடத்துகிறது. சுழற்சி மெதுவானால் ஒவ்வொரு அரைச்சுழற்சியும் நீளும். 50 ஹெர்ட்ஸில் அது 10 மில்லிவினாடி; 25 ஹெர்ட்ஸில் 20. அதே மின்னழுத்தத்தை இரு மடங்கு நேரம் தாங்கும்போது இரும்பில் பாயமும் இரு மடங்காகும். இரும்பு போதாவிட்டால் அது தெவிட்டி, அதற்குமேல் காந்தமாக முடியாமல் நிற்கும்; சுருளில் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறும், மின்மாற்றியைக் குளிர்விக்கும் எண்ணெய் கொதிக்கும், சர்க்யூட் பிரேக்கர் விழும். ஆகவே 25 ஹெர்ட்ஸுக்கு இரும்பு ஏறத்தாழ இரட்டிப்பாக வேண்டும். எஞ்சினில் தனியாக எடை கூடிய பொருள் எது என்று கேட்டால் பெரும்பாலும் மின்மாற்றிதான். அதைக் கீழ்ச்சட்டத்துக்கு அடியில் நடுவில் தொங்கவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அடுக்குவார்கள். மின்எஞ்சின் வடிவமைப்பில் இதைவிட முக்கியமான முடிவு இல்லை என்பது என் கருத்து. பேச்சு மட்டும் எப்போதும் குதிரைத்திறனைப் பற்றியே நடக்கிறது.

சுவீடன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றின் கம்பிகளில் 15,000 வோல்ட், 16.7 ஹெர்ட்ஸ். 25-ஐவிடவும் மெதுவான சுழற்சி. அப்படிப்பட்ட மின்மாற்றியை நான்கு அச்சு எஞ்சினுக்குள் அடக்கிப் பழகியவர்களுக்கு அமெரிக்கக் கம்பி பெரிய புதிர் இல்லை.

1970-களில் அமெரிக்காவின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கிடம் இருந்தவை 1934 முதல் 1943 வரை கட்டிய ஜிஜி1 எஞ்சின்கள். அவற்றுக்குப் பதிலாக உள்நாட்டில் வாங்கிய இ60 ஆறு அச்சு கொண்டது, எடை 170 டன்னுக்கு மேல். வேகம் கூடியதும் சக்கரங்கள் தண்டவாளத்தில் பக்கவாட்டாக அலைந்தன. 1975-இல் சோதனை ஓட்டத்திலேயே ஒன்று தடம் புரண்டது. மணிக்கு 120 மைல் ஓட வேண்டியதை 90-க்கு மேல் விடவில்லை. 1976-இல் சுவீடனிலிருந்து ஆர்சி4 என்ற எஞ்சினைக் கடனாக வரவழைத்து ஓட்டிப் பார்த்தார்கள். நான்கே அச்சு, 78 டன். அதை அடிப்படையாக வைத்து, சுவீடனின் ஆசெயா நிறுவனத்தின் மின்பாகங்களோடு அமெரிக்காவில் கட்டியதுதான் ஏஇஎம்-7. 7,000 குதிரைத்திறன், மணிக்கு 125 மைல், அதாவது 201 கிலோமீட்டர். சதுரமான சிறிய உருவத்தால் அதற்கு டோஸ்டர் என்று பட்டப்பெயர்.

78 டன் ஆர்சி4, ஏஇஎம்-7 ஆனபோது 91 டன் ஆயிற்று. சக்தி கூடியதும் ஒரு காரணம், உடற்கூடு இன்னொன்று. முனையிலிருந்து அழுத்தினால் ஐரோப்பிய எஞ்சினின் உடல் 2,000 கிலோநியூட்டன் தாங்கினால் போதும். அமெரிக்க விதி பயணிகள் ரயிலுக்கு 3,560 கிலோநியூட்டன் கேட்கிறது. அங்கே கனத்த சரக்கு வண்டிகளும் அதே பாதையில் ஓடுகின்றன. அதனால் ஐரோப்பாவின் உடல் அப்படியே கடல் தாண்டுவதில்லை. மூளையும் நரம்பும் வருகின்றன, எலும்பு புதிதாக வார்க்கப்படுகிறது.

முப்பது ஆண்டு ஓடிய ஏஇஎம்-7-இல் எது தேய்ந்தது? அதன் மோட்டார்கள் நேர்மின்சார வகை. ஒன்றின் முனை மூடியைக் கழற்றினால் கம்யூட்டேட்டர் தெரியும்: வட்டமாக அடுக்கிய செம்புத் துண்டுகள், இரண்டுக்கு நடுவே மெல்லிய மைக்கா தகடு. அதன்மேல் கார்பன் பிரஷ் ஸ்பிரிங்கால் அழுத்தி உரசும். நல்ல கம்யூட்டேட்டரின் மேற்பரப்பு சாக்லேட் நிறத்தில் சீராக மினுங்கும். நிறம் திட்டுத்திட்டாக மாறினாலோ, செம்பின் ஓரத்தில் கருகல் தெரிந்தாலோ கவனிக்க வேண்டிய நேரம். செம்பு தேயத் தேய மைக்கா மேலே துருத்தும், பிரஷ் குதிக்கும், குதிக்கும் இடத்தில் பொறி. எனவே கடைசலில் ஏற்றிச் செம்பை வழவழப்பாக்கி, மைக்காவைச் செம்பு மட்டத்துக்குக் கீழே சுரண்ட வேண்டும். பிரஷ் தேய்ந்த கார்பன் தூள் மோட்டாருக்குள் படியும். அது மின்சாரம் கடத்தும் தூள். ஈரத்தோடு சேர்ந்தால், பனிக்காலத்தில் விசிறி உறிஞ்சிய பொடிப்பனி உள்ளே உருகினால், ஒரு பிரஷ்ஷிலிருந்து அடுத்ததுக்கு வளையமாக மின்பொறி பாயும். அன்றைக்கு அந்த மோட்டார் வேலைக்கு உதவாது.

இரண்டாவதாகப் பழசானது தைரிஸ்டர், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சுவிட்ச். 1967-இல் வந்த ஆர்சி வரிசையே தைரிஸ்டரோடு தொடர்ந்து உற்பத்தியான முதல் எஞ்சின் வரிசை. அந்தக் காலத்துக்கு அது பெரும் பாய்ச்சல். தைரிஸ்டர் ஒரு மதகு மாதிரி. அரைச்சுழற்சி தொடங்கிச் சற்றுக் காத்திருந்து திறக்கும். மின்னோட்டம் தானாகப் பூஜ்யத்துக்கு வரும்வரை மூடாது. ரயில் மெதுவாகக் கிளம்பும்போது மதகு அரைச்சுழற்சியின் கடைசியில்தான் திறக்கும். கம்பியிலிருந்து மின்னோட்டம் வெட்டுப்பட்ட துண்டுகளாக இழுபடும். வெட்டுப்பட்ட அலையில் 25-இன் மடங்குகளான அதிர்வெண்கள் ஒளிந்திருக்கும். அந்தப் பாதையில் தண்டவாளத்தின் வழியாக ஓட்டுநருக்குச் சிக்னல் சொல்லும் மின்னோட்டம் 100 ஹெர்ட்ஸ், அதாவது 25-இன் நான்கு மடங்கு. மேல் அரையும் கீழ் அரையும் ஒரே வடிவில் இருந்தால் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே உருவாகும், நான்கு வராது. ஒரு தைரிஸ்டர் நேரம் தவறித் திறந்தால் சமச்சீர் குலைந்து இரட்டைப்படையும் தலைகாட்டும். புது எஞ்சினைப் பாதையில் விடுமுன் இந்தக் குறுக்கீட்டைப் பொறுமையாக அளப்பது இதனால்தான்.

ஆம்ட்ராக் நடுவழியும் ஒன்று முயன்றது. 1999-க்கும் 2002-க்கும் இடையே 29 ஏஇஎம்-7 எஞ்சின்களின் பழைய உடலுக்குள் அல்ஸ்டாம் நிறுவனத்தின் மாறுமின்சார மோட்டார்களைப் பொருத்தினார்கள். ஆயுள் நீண்டது. ஆனால் உடற்கூடும், சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டமான போகியும் பழையவையே.

2010-இல் சீமென்ஸிடம் 70 எஞ்சின்களுக்கு 466 மில்லியன் டாலரில் ஒப்பந்தம் ஆனது. பெயர் ஏசிஎஸ்-64, 64 என்பது 6.4 மெகாவாட். அடிப்படை ஐரோப்பாவின் யூரோஸ்பிரின்டர், வெக்ட்ரான் குடும்பங்கள். கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் கட்டினார்கள். 2014 பிப்ரவரி 7-இல் முதல் சேவை; 2016 ஜூன் 18-இல் ஏஇஎம்-7 விடைபெற்றது. வெக்ட்ரான் குடும்பம் பல நாட்டு எல்லைகளைத் தாண்டி ஓடுவதற்கென்றே பிறந்தது. ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு மின்சாரம் வேறு. அந்தக் குழப்பம்தான் அவர்களுக்குப் பயிற்சிக்களமாயிற்று.

இதன் உள்ளே மின்சாரம் போகும் வழி வேறு. மின்மாற்றியிலிருந்து வருவதை ஐஜிபிடி என்ற மின்னணுச் சுவிட்சுகள் முதலில் நேர்மின்சாரமாக்கும். தைரிஸ்டர் மாதிரி பூஜ்யத்துக்குக் காத்திருக்காமல் வினாடிக்குப் பல நூறு முறை திறந்து மூடுவதால், கம்பியிலிருந்து ஏறத்தாழ முழுமையான அலையாகவே மின்னோட்டத்தை எடுக்க முடிகிறது. நடுவில் ஒரு மின்தேக்கித் தொகுதி. அதன்பின் இன்வெர்ட்டர், மூன்று கட்ட மாறுமின்சாரத்தை வேண்டிய வேகத்தில் செய்து மோட்டாருக்குத் தரும். இது இன்டக்‌ஷன் மோட்டார்; இதில் பிரஷ்ஷும் இல்லை, கம்யூட்டேட்டரும் இல்லை. கம்பியில் 25 ஓடினாலும் 60 ஓடினாலும் மோட்டாருக்குத் தெரியாது. நடுவில் உள்ள நேர்மின்சாரம் இரண்டையும் பிரித்துவிடுகிறது.

அந்த மின்தேக்கிக்கும் 25 ஹெர்ட்ஸ் தொல்லைதான். ஒற்றைக்கட்ட மின்சாரம் சீராக வருவதில்லை, சுழற்சிக்கு இரண்டு முறை வற்றிப் பெருகும். 60 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 120 துடிப்பு. 25-இல் 50 துடிப்பு, எனவே ஒவ்வொரு வற்றலும் நீண்டது. அந்த இடைவெளியை நிரப்பக் கூடுதலாகச் சேமித்து வைக்க வேண்டும்.

இந்தச் சுவிட்சுகள் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். பழைய எஞ்சின் பிரேக் போடும்போது மோட்டார் தரும் மின்சாரத்தைத் தடையில் சூடாக்கிக் காற்றில் விட்டது. புதியது கம்பிக்கே திருப்பித் தருகிறது. எட்டுப் பெட்டியோடு 500 டன் ரயில் மணிக்கு 200 கிலோமீட்டரில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 210 கிலோவாட் மணி. வீட்டில் ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஒன்று தினமும் எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு மாதத்துக்குத் தின்னும் அளவு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதில் ஒரு பங்காவது மீள்வது சின்ன விஷயம் இல்லை.

இழுவையிலும் இன்டக்‌ஷன் மோட்டாருக்கு ஒரு நல்ல குணம். ஏசிஎஸ்-64 தன் சுமார் 98 டன் எடையில் 320 கிலோநியூட்டன் விசையோடு இழுப்பது என்றால், எடையில் மூன்றில் ஒரு பங்கைச் சக்கரப் பிடிப்பாக மாற்றுவது. நனைந்த தண்டவாளத்திலும், இலையுதிர் காலத்தில் நசுங்கிய இலைகள் வழுவழுப்பாகப் படிந்த தண்டவாளத்திலும் சக்கரம் வழுக்கத்தான் செய்யும். வழுக்கிய மோட்டார் இன்வெர்ட்டரின் வேகத்தை நெருங்க நெருங்க அதன் முறுக்குவிசை தானாகவே குறையும், அதனால் அது கட்டுமீறிச் சுழலாது.

புது எஞ்சின் வந்ததும் ஓட்டிவிட முடியாது. முதலில் ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் எடை பார்ப்பார்கள். 98 டன்னில் அச்சுக்கு 24.5 டன் வர வேண்டும். ஓரிடத்தில் குறைந்தால் அந்தச் சக்கரம்தான் முதலில் வழுக்கும். மின்கசிவைத் தடுக்கும் காப்பின் எதிர்ப்பு, பேன்டோகிராஃப்பின் அழுத்தம், மின்சாரம் மாறும் இடைவெளியில் பிரேக்கர் திறந்து மூடுவது, சிக்னல் குறுக்கீடு எல்லாம் பிறகு. நம் பாதைகளிலும் இரண்டு மின்வழங்கல் பகுதிகளுக்கு நடுவே மின்சாரம் இல்லாத சிறு துண்டு உண்டு. ரயில் அதை மிதந்து கடக்கும். அந்தச் சில வினாடிகளிலும் புதிய வகை எஞ்சின்கள் ஓட்டத்தின் ஆற்றலையே கொஞ்சம் மின்சாரமாக்கிப் பெட்டிகளின் விளக்கையும் குளிரூட்டியையும் காப்பாற்றும்.

மலேசியாவில் இந்தக் கதையை அப்படியே பொருத்த முடியாது. இங்கே தனி மின்எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை. இடிஎஸ் விரைவு ரயில், கொமுட்டர் இரண்டிலும் மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே பரவியிருக்கின்றன. 1990-களின் நடுவில் வந்த கொமுட்டர் வண்டிகளில் ஒரு வரிசை ஆஸ்திரியாவின் யென்பாகர் நிறுவனம் கட்டியது என்பதால் ஐரோப்பிய வடிவமைப்பு நமக்கும் புதிதில்லை. நம்முடைய தனிக் கட்டுப்பாடு தண்டவாளத்தின் அகலம். அங்கே 1,435 மில்லிமீட்டர், இங்கே 1,000. இரு சக்கரங்களுக்கு நடுவில் மோட்டாரும் பற்சக்கரப் பெட்டியும் அடங்க வேண்டிய இடத்தில் 435 மில்லிமீட்டர் குறைவு. நேர்மின்சார மோட்டாரில் அச்சின் நீளத்தில் ஒரு பகுதியைக் கம்யூட்டேட்டரும் பிரஷ்ஷும் பிடித்துக்கொள்ளும்; அந்த இடம் ஒரு நியூட்டன் விசையையும் தராது. இன்டக்‌ஷன் மோட்டாரில் அந்த இடமும் செம்புக்கும் இரும்புக்குமே கிடைக்கிறது. பிரஷ் போனதால் அகலப் பாதைக்காரர்களுக்குப் பராமரிப்பு மிச்சம். மீட்டர் பாதையில் ஓடும் நமக்கு இடமும் மிச்சம்.