ஹராஸ்மென்ட்: தொல்லையா, துன்புறுத்தலா?

காரைக்குடிப் பெண் ஒருத்தி ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, இருக்கிறாள் என்று வையுங்கள். வீட்டுக்குப் போன் போட்டால் ‘ஹராஸ்மென்ட்’ என்றா சொல்வாள்? “யூனிட் சீஃப் பாடாப் படுத்துறாரு” என்பாள். “சொல்லிக் கொடுக்கிறவரு கண்டிக்கத்தான் செய்வாரு” என்று அப்பத்தா பேச்சை முடித்துவிடுவார். அப்படியானால், மருத்துவ மாணவர்களிடம் ஹராஸ்மென்ட் பற்றித் தமிழில் கேட்டு ஆய்வு செய்ய எந்தச் சொல்லை வைப்பது?

ஹராஸ்மென்ட் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேட்டை நாயை ஏவிவிடக் கொடுக்கும் குரலில் இதன் வேர் இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கருத்து. நம்மூரில் நாய்க்குச் ‘சூ’ காட்டுகிறோமே, அந்த மாதிரி. தமிழில் இதற்குச் சரியான சொல் துன்புறுத்தல். உறு என்றால் அடை, உறுத்து என்றால் அடையச் செய். துன்பம் தானாக வரவில்லை, ஒருவர் வரவைக்கிறார் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

‘தொல்லை’ போதாதா? ‘பாலியல் தொல்லை’ என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதி, மாணவியிடம் “தொல்லை உண்டா?” என்றால் அது ஒன்றுதான் காதில் விழுகிறது. ராகிங்குக்கு இலங்கைத் தமிழர் வைத்திருக்கும் ‘பகடிவதை’ அருமையான சொல். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்தில், 1996இல் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். அதன் பிறகே, 1997இல், தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஆனால் பகடிவதை சீனியர் ஜூனியருக்குச் செய்வது. வார்டிலோ பேராசிரியர், செவிலியர், நோயாளியோடு வந்தவர் என்று யாரிடமிருந்தும் வரலாம். எல்லாவற்றுக்கும் பொதுவாகப் ‘பணியிடத் துன்புறுத்தல்’ என்பதே நிற்கும்.

அப்புறம், இதை அளப்பது எப்படி? நார்வேயின் பெர்கன் ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த ‘எதிர்மறைச் செயல்கள் வினாத்தாள்’ பரவலாகப் பயன்படுகிறது. திருத்திய வடிவில் 22 வினாக்கள். கடந்த 6 மாதத்தில் இது நடந்ததா என்று கேட்டு, இல்லவே இல்லை, எப்போதாவது, மாதந்தோறும், வாரந்தோறும், தினமும் என ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கெட்டிக்காரத்தனம் எதில் என்றால், அந்த 22இல் எதிலும் துன்புறுத்தல் என்ற பேச்சே வராது. நடந்த செயலை மட்டும் கேட்பார்கள். வரையறையைச் சொல்லி “நீங்கள் இதற்கு ஆளானீர்களா?” என்று நேராகக் கேட்பது கடைசியில்தான். அப்பத்தா மாதிரியே யோசிக்கும் மாணவி அந்தக் கடைசிக் கேள்விக்கு இல்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். முந்தைய விடைகள் வேறு கதை சொல்லும்.

அப்படியே மொழிபெயர்த்தாலும் சிக்கல்தான். ‘தகுதிக்குக் குறைந்த வேலையைச் செய்யச் சொன்னார்களா?’ என்பது அதில் ஒரு வினா. ஆள் பற்றாத அரசு மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் லேபுக்கு ஓடி ரிப்போர்ட் வாங்குவதும் பயிற்சி மருத்துவர் தலையில்தான் விழும். அங்கே அது பகையா, பற்றாக்குறையா என்று பிரித்துக் கேட்க வேண்டும். சிவகங்கையிலோ புதுக்கோட்டையிலோ கேட்பதானால், ‘ரவுண்ட்ஸில் நோயாளிகள் முன்னால் திட்டினார்களா?’ என்று ஒரு வினாவை நான் சேர்ப்பேன். அதையும் ‘கடிந்துகொண்டார்களா’ என்று மரியாதையாக எழுதினால் யாரும் டிக் அடிக்க மாட்டார்கள்.