விரலில் மாட்டும் கருவி சொல்லும் எண் எங்கிருந்து வருகிறது?

பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 97 என்று ஒளிர்ந்தால் மனசு லேசாகிவிடுகிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதுதான் அந்த எண். ஆனால் அந்த எண் நேரடியாக அளந்து சொல்லப்படுவது இல்லை, ஒளியை வைத்துக் கணித்துச் சொல்லப்படுவது. கணிப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு. ஆக்சிஜனை இறக்கிவிட்டால் கருஞ்சிவப்பு. இரண்டும் ஒளியை வேறு வேறு விதமாக உறிஞ்சுகின்றன. 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின்தான் அதிகம் விழுங்கும். 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில் நிலைமை தலைகீழ். கருவியின் ஒரு பக்கத்தில் இந்த இரண்டு ஒளிக்கும் தனித்தனி எல்இடி உண்டு, எதிர்ப்பக்கத்தில் ஒளி உணரி. இரண்டு விளக்குகளும் நொடிக்குப் பல நூறு முறை மாறி மாறி எரிகின்றன. இரண்டும் அணைந்திருக்கும் கணத்தில் அறை வெளிச்சத்தையும் அளந்து கழித்துவிடுகிறது கருவி.

சரி, ஒளியை உறிஞ்சுவது ரத்தம் மட்டும்தானா? தோல், சதை, எலும்பு, சிரைகளில் திரும்பிப் போகும் ரத்தம் எல்லாமே குறுக்கே நிற்கின்றன. நமக்கு வேண்டியதோ இதயத்திலிருந்து ஆக்சிஜனோடு வரும் தமனி ரத்தம் மட்டும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்துப் பொறியாளர் தக்குவோ அயோயாகி. இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதைச் சாயம் செலுத்தி, காதில் ஒளி பாய்ச்சி அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு அந்த அளவீட்டைக் குலைத்துக்கொண்டே இருந்தது. இடைஞ்சலை நீக்க வழி தேடியபோதுதான் பொறி தட்டியது: துடிப்போடு சேர்ந்து கூடிக் குறைவது தமனி ரத்தம் மட்டும்தானே! ஒளியில் அசையும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் தோலும் எலும்பும் கணக்கிலிருந்து விலகிவிடும். 1974இல் வெளியுலகுக்கு வந்தது இந்த யோசனை. கோவிட் பரவி உலகமே இந்தக் கருவியைத் தேடிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அயோயாகி காலமானார்.

அசையும் பகுதி மிகச் சிறியது, வரும் ஒளியில் ஓரிரு சதவீதம்தான் இருக்கும். விரல் சில்லிட்டிருந்தாலோ, கை ஆடினாலோ, அடர்ந்த நகப்பூச்சு இருந்தாலோ எண் தடுமாறுவது அதனால்தான். புகையில் சிக்கியவரிடம் வேறொரு ஆபத்து உண்டு. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினை இந்தக் கருவி ஆக்சிஜன் ஏறியதாகவே எடுத்துக்கொள்ளும். மூச்சு திணறுகிறவருக்கும் நல்ல எண் காட்டும்.

இரண்டு ஒளிகளின் அசைவையும் ஒப்பிட்டு ஒரு விகிதத்தைக் கணக்கிடுகிறது கருவி. விகிதம் 1 என்றால் ஏறத்தாழ 85 சதவீதம். இந்தப் பொருத்தம் எங்கிருந்து வந்தது? ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜன் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்து, அந்த நேரத்து விகிதத்தோடு சேர்த்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். உங்கள் விரலுக்குச் சொல்லப்படும் எண் அவர்கள் உடம்பில் கற்றுக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் வெளிர் தோல்காரர்கள் என்றால்? எல்இடி ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் உமிழ்வதில்லை, சற்றுப் பரவலாகவே உமிழும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதில் குறுகிய அலைகளை அதிகமாக வடிகட்டிவிடுவதால் கணக்கு நகர்ந்துவிடுகிறது. ஒளியும் மங்குகிறது.

இந்தக் குறை வெளிச்சத்துக்கு வந்த விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கருமையான தோலில் பிழை வரலாம் என்ற சந்தேகம் பழையதுதான். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதிதாக யாரையும் சோதிக்கவில்லை. மருத்துவமனையின் டிஜிட்டல் பதிவுகளில் ஏற்கெனவே கிடந்த ஆக்ஸிமீட்டர் அளவுகளையும், அவற்றோடு 10 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்ட தமனி ரத்தப் பரிசோதனைகளையும் ஜோடி சேர்த்தார்கள். 10,789 ஜோடிகள். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் 88க்குக் கீழே இருந்தது, வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவருடையதில் 11.7 சதவீதம். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளிவந்தது. ஆக்சிஜன் தேவைப்பட்டவருக்கு ‘தேவையில்லை’ என்று சொல்லக்கூடிய பிழை இது, லேசானது அல்ல.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சோதனைக்கு உட்படுவோரில் கருமையான தோலுடையவர்கள் 2 பேர் அல்லது 15 சதவீதம், இதில் எது அதிகமோ அவ்வளவு இருந்தால் போதும் என்றது. இது மிகவும் குறைவு. 2025 ஜனவரியில் வந்த வரைவு 150 பேராவது வேண்டும், எல்லாத் தோல் நிறங்களும் இருக்க வேண்டும் என்கிறது.

மேம்பட்ட கருவிகள் வரும்வரை வீட்டில் பார்ப்பவர்கள் விரலைச் சூடாக்கி, கையை அசைக்காமல், எண் நிலைபெறும்வரை பொறுங்கள். ஒரு எண்ணைவிட, உங்களுக்கு வழக்கமாக வருவதிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்று கவனியுங்கள். மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ கருவி 95 காட்டினாலும் உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.